ராயபுரம் முதல் எண்ணூர் வரை: கல்லில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரமாகப் போய்ப் பார்த்தால், நாம் பாறை என்று சொல்லி ஏறி நிற்பதெல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான் என்பது தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகச் சுவரில் முட்டி நின்று மெரினா பக்கம் சேர ஆரம்பித்தது. வடக்கே இருந்த கரைக்கு மணல் வரத்து நின்று போய், தெருவும் வீடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போயின. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கரையோரம் கல் கொட்டினார்கள், அப்புறம் தூண்டில் வளைவு என்று, கடலுக்குள் நீட்டிக் கல் தடுப்புகளும் போட்டார்கள். அதாவது கடல் எங்கே அதிகமாக அடிக்கிறதோ அங்கேதான் கல் இருக்கிறது. அலையை வாங்கிக்கொள்வதற்காகப் போட்ட கல்லின் மேல்தான் நாம் போய் நிற்கிறோம். கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மீன் எந்த இரைக்குக் கடிக்கும், எந்த ரீல் வாங்கலாம் என்பதெல்லாம் இதில் இல்லை. போய் நின்று, போட்டு, உடம்பில் சேதமில்லாமல் வீட்டுக்கு வருவது எப்படி என்பது மட்டும்தான்.

போகக்கூடாத இடங்கள்

துறைமுகச் சுவர்கள் வேண்டாம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுமே பாதுகாக்கப்பட்ட பகுதி. சண்டை போட்டு உள்ளே போகிற அளவுக்கு அங்கே ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. அது தவிர, நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் அடுக்கிய இடம் எங்கே இருந்தாலும் அதில் ஏறாதீர்கள். டெட்ராபாட் என்பார்கள். அவற்றுக்கு நடுவில் ஆள் முழுதாக இறங்கிப் போகிற இடைவெளி இருக்கிறது, உள்ளே விழுந்தால் கையால் பிடித்து ஏற விளிம்பே கிடையாது, அலை உள்ளே வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், மேலே நிற்கிறவருக்குக் குரல்கூடக் கேட்காது.

எண்ணூர் முகத்துவாரம் மீனுக்கு நல்ல இடம், மடவையும் கொடுவாயும் வரும், அதனால்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம், வற்றுகிற நேரத்தில் கழிமுகத்துத் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். அந்த நேரத்தில் விளிம்பில் நின்று முழங்கால் அளவு தண்ணீரில் இறங்குவது வேண்டாம், மணலே காலுக்குக் கீழிருந்து ஓடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அதே மாதக் கடைசியில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ராத்திரியில் ஊரே வெளியே ஓடியது. இங்கே மீன் பிடிக்கப் போகிறவருக்கு மூக்கும் ஒரு கருவி. கண் எரிந்து, கழிவறை நாற்றம் மாதிரி சுரீரென்று ஏறினால் தூண்டில் ராடைப் போட்டுவிட்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேறுங்கள், ஈரத்துணியை மூக்கில் வையுங்கள். கல்லில் எண்ணெய் வழுக்கல் தெரிந்தால் அன்றைக்கு அந்த இடம் இல்லை.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தினமும் அலை உயரமும் அலைக்கும் அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதும் வெளியிடுகிறது. போனிலேயே பார்க்கலாம். அதில் போடும் அலை உயரத்தைப் படிக்கிற விதம் பலருக்குத் தெரிவதில்லை. அது அன்றைக்கு வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி, அவ்வளவுதான். 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் நடுநடுவே 3 மீட்டருக்குப் பக்கமாக ஒன்று வரலாம், வரும். நம்மை இழுத்துப்போவது அந்த ஒன்றுதான். என் கணக்கு இது: 1 மீட்டரைத் தாண்டினால் வளைவின் முனைக்குப் போவதில்லை, 1.5 மீட்டர் என்றால் கல்லே வேண்டாம், மணலில் நின்று கிழங்கான் பிடித்தால் போதும்.

இடைவெளி எண் இன்னும் முக்கியம். 6, 7 விநாடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பிய அலை, கண்ணுக்குத் தெரியும், சத்தமும் போடும். 14 விநாடிக்கு மேல் என்றால் எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலிலிருந்து கிளம்பி வந்த அலை. இங்கே காற்றே இருக்காது, வெயில் அடிக்கும், கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி படுத்திருக்கும், திடீரென்று ஒன்று எழும்பி கல்லின் உச்சிவரை வரும். கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுகிறார்களே, அது இதுதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நாளில்தான். அந்த எச்சரிக்கை சென்னைக் கரைக்கும் சில சமயம் வரும். வந்தால் போகவேண்டாம், இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலும் அப்படியே. ஒன்றாம் எண்தானே, புயல் எங்கோ அந்தமான் பக்கம்தானே என்பார்கள். புயல் அங்கே இருந்தாலும் அதன் அலை முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கடைசி முடிவு ஃபைபர் படகைப் பார்த்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய படகுகள் நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சின்னப் படகுகள் போகும். அவையும் மணலில் ஏற்றி வைத்திருந்தால், பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம், ‘என்ன நைனா, கடலுக்குப் போகலையா?’ என்று கேளுங்கள். ‘தண்ணி ஒரு மாதிரியா கீது, நீயும் போவாத’ என்று அவர் சொன்னால், போன் என்ன சொன்னாலும் திரும்பி விடுங்கள்.

நேரம் என்று பார்த்தால் விடியற்காலைதான். ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிப்பதால் காலையில் தண்ணீர் படிந்திருக்கும். முற்பகல் தாண்டியதும் கடற்காற்று ஏறி, மதியத்துக்குள் அலை சிலுசிலுக்க ஆரம்பிக்கும், தூறல் தெறித்து காய்ந்த கல்லும் நனையும். வெயிலில் கருங்கல் கொதிப்பது வேறு.

போய்ச் சேர்ந்ததும்

உடனே இறங்காதீர்கள். சுவர் மேல் நின்று அரை மணி நேரம் வேடிக்கை பாருங்கள். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், நேரம் போவது தெரியாது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் நீண்ட அமைதி இருக்கும். அந்த அமைதியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரை மணியில் எந்தக் கல்வரை நனைகிறது என்று பார்த்து, அதற்கு மேலே இன்னும் இரண்டு கல் விட்டு நில்லுங்கள்.

கல்லே பாதி சொல்லிவிடும். வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்திருக்கும் கல்லில் கால் நிற்கும். கூர்கூராகக் கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் அடிக்கடி வருகிறது என்று அர்த்தம், நிற்கிற இடம் அதற்கு மேலேதான் இருக்கவேண்டும். பச்சைப் பாசி எல்லோருக்கும் தெரியும், யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆளைக் கவிழ்ப்பது கறுப்புதான். ஈரக் கருங்கல் மாதிரியே இருக்கும், கையால் தடவினால் மெழுகு போல ஒரு படலம். சந்தேகம் வந்தால் குனிந்து விரலால் தேய்த்துப் பாருங்கள், வெட்கமெல்லாம் வேண்டாம்.

நம் பக்கம் ஓதம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிச் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும். ஆனால் சரிவான கல்லில் 1 மீட்டர் என்பது இரண்டு மூன்று கல். வற்றியிருக்கும்போது காய்ந்த கல்லாகத் தாண்டிப்போன இடம் திரும்பும்போது தண்ணீருக்குள் இருக்கும். அன்றைய ஏற்ற நேரம் என்ன என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.

தூண்டில் வளைவில் எந்தப் பக்கம் நிற்பது? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அலை தெற்கிலிருந்து சாய்ந்து வரும், வளைவின் வடக்குப் பக்கம் அமைதியாக இருக்கும். அக்டோபரிலிருந்து வாடைக் காற்று பிடித்துக்கொள்ளும், அப்போது தெற்குப் பக்கம். முனை எந்த மாதத்திலும் மோசம், மூன்று பக்கத்திலிருந்தும் அடிக்கும், அங்கேதான் பெரிய பாறை மீன் கிடைக்கும் என்கிற ஆசையில் எல்லோரும் அங்கேயே போய் நெருக்கியடித்து நிற்பார்கள்.

இப்போது முக்கியமான வேலை. முதல் முள்ளில் இரை கோக்கும் முன், ‘இங்கே விழுந்தால் எந்த வழியாகக் கரை ஏறுவேன்?’ என்று கேட்டு, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் இருக்கும் மணல்தான். மணல் வடக்கே நகர்வதால் வளைவின் தெற்கு மூலையில் சேர்ந்திருக்கும், வடக்கு மூலையில் அரித்துப் போயிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல்தான், மணலே இல்லை என்றால், அந்த இடத்தில் எவ்வளவு மீன் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கால், உடை, கையில் எடுத்துப்போவது

ஹவாய் செருப்பு போட்டுக்கொண்டு கல்லில் இறங்குபவர்களைத் தினமும் பார்க்கலாம், வெறுங்காலில் ஓடுகிற மீனவப் பையன்களையும் பார்க்கலாம். அந்தப் பையன்களுக்கு ஒவ்வொரு கல்லும் பழக்கம், நமக்கு இல்லை. கயிறு கட்டுகிற, அடியில் ஆழமாக வரி வெட்டிய ரப்பர் ஷூ வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழசாக இருக்கட்டும். ஜீன்ஸ், லுங்கி, ரெயின்கோட் எல்லாம் தண்ணீரில் காலைக் கட்டிப்போடும். அரைக்கால் சட்டை அல்லது மெல்லிய டிராக், அவ்வளவு போதும்.

கொட்டிய கல் ஒட்டிக் கிடப்பதில்லை. போன புயலுக்கு முன் அசையாமல் இருந்த கல் இப்போது ஆடும். எடையை முழுதாக மாற்றும் முன் ஒரு காலால் அழுத்திப் பாருங்கள், கல்லின் நடுவில் மிதியுங்கள், விளிம்பில் வேண்டாம், தாவவே தாவாதீர்கள். இடுக்கில் தொடைவரை கால் போய்விடும், அலை வருகிற நேரத்தில் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இடுக்கில் விழுந்த போன் போனதுதான், கையை விடாதீர்கள். உடைந்த பாட்டில் இருக்கும், பெருச்சாளி இருக்கும், காலை நேரத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கும் என்பது வடசென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கல்லில் நிற்பவன் ஜாக்கெட் போட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை, கல்லில் தலை மோதிய பிறகு எந்த நீச்சலும் வராது, ஜாக்கெட் மட்டும்தான் முகத்தை மேலே வைத்திருக்கும். கழுத்தில் ஒரு விசில். போன் தண்ணீர் புகாத உறையில், அதுவும் உடம்பில், பையில் இல்லை. இருட்டில் போனால் தலையில் மாட்டும் டார்ச். தனியாகப் போகவே போகாதீர்கள்.

அப்புறம் ஒரு கேன். 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேனைக் கழுவி, உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். அந்தக் கொஞ்சம் தண்ணீர் இல்லை என்றால் எறியும்போது காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும். கைப்பிடியில் 20 மீட்டர் கயிறு கட்டுங்கள், நைலான் வேண்டாம், அது மூழ்கும். படகுக்காரர்கள் பயன்படுத்தும் மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு காசிமேட்டுக் கடைகளில் கிடைக்கும். மறுமுனையில் கை நுழைகிற அளவு ஒரு வளையம் போடுங்கள், ஆனால் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு எறியாதீர்கள், இழுப்பு வந்தால் நீங்களும் போவீர்கள். கயிற்றைச் சிக்கில்லாமல் சுற்றி, கேனோடு காய்ந்த கல்லில் வைத்துவிடுங்கள். ஒரு மனிதனின் தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்து வைக்க அந்தக் கேன் போதும்.

போடும்போதும் இழுக்கும்போதும்

எண்ணூர் விரைவுச் சாலையோரச் சுவரில் நின்று போடுகிறவர்கள் பின்னால் பார்த்துவிட்டு வீசுங்கள். ராடு பின்னால் போகும்போது முள்ளும் ஈயக்குண்டும் சாலைக்கு மேல் போகின்றன, கன்டெய்னர் லாரி நடுவே பைக்கில் வருகிறவர் முகத்தில் அது பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

இடிக்கும் இதே கதைதான். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சாயங்கால மழை மேற்கிலிருந்து, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். கடலைப் பார்த்து நிற்பவருக்கு வானம் தெளிவாகத்தான் தெரியும். அடிக்கடி திரும்பிப் பாருங்கள், முதல் இடிச் சத்தத்திலேயே ராடைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

பெரிய அலை வருவது தெரிந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், ஓடுகிறவர்தான் வழுக்குகிறார். குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, கல்லை இரண்டு கையாலும் பிடியுங்கள். ராடு போனால் போகட்டும். அலை வடிந்ததும் மேலே ஏறிவிடுங்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.

மீன் மாட்டியதும்தான் புத்தி போகும். நல்ல சைஸ் கொடுவா கல்லடிக்கு வந்துவிட்டது, எட்டிப் பிடித்துவிடலாம் என்று இரண்டு கல் கீழே இறங்குகிற அந்த நிமிஷம்தான் ஆபத்து. நீளக் கைப்பிடி வைத்த வலையைக் கூடவே கொண்டுபோங்கள், கூட்டாளி மேலேயிருந்தே நீட்டட்டும். வலை இல்லையென்றால் வருகிற அலையோடு சேர்த்து மீனை மேலே ஏற்றிக் கல்லில் விடுங்கள். அதற்குள் நரம்பு, அதாவது தூண்டில் நூல், அறுந்தால், அறுந்தது. கல்லில் முள் சிக்கினால் ராடை வளைத்து இழுக்காமல், நரம்பைத் துணி சுற்றிய கையில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுத்து அறுங்கள். ஈயக்குண்டு பிய்த்துக்கொண்டு நேரே முகத்துக்குத்தான் வரும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவருக்கு முதலில் தோன்றுவது பக்கத்துக் கல்லைப் பிடிப்பது. செய்யாதீர்கள். அடுத்த அலை உங்களைத் தூக்கி அந்தக் கல்லிலேயே அடிக்கும், கொட்டலசு கையைக் கிழிக்கும். கல்லைவிட்டு வெளிப்பக்கம் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய், மல்லாந்து மிதந்து மூச்சு வாங்குங்கள், விசில் ஊதுங்கள். வளைவை ஒட்டித் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். அதை எதிர்த்து நீந்தி யாரும் ஜெயித்ததில்லை. கரைக்கு இணையாக, வளைவைவிட்டு விலகி நீந்தி, காலையிலேயே பார்த்து வைத்த மணலுக்குப் போய் அலையோடு கரை ஏறுங்கள். வேறு வழியே இல்லை, கல்லில்தான் ஏற வேண்டும் என்றால், பெரிய அலைகள் போகும்வரை காத்திருந்து, காலை முன்னால் நீட்டி, ஓர் அலை ஏற்றிவிடும்போது பிடித்துக்கொண்டு, அடுத்தது வருமுன் மேலே போய்விட வேண்டும்.

மேலே நிற்பவர் குதிக்கக்கூடாது, கூட வந்தவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும். கேனை அவரைத் தாண்டி விழுகிற மாதிரி எறிந்து, கயிறு அவர் கைக்கு வரும்படி இழுங்கள். கல் பக்கம் இழுக்காமல் மணல் பக்கமாக நடத்திக்கொண்டு போங்கள். கத்தி ஃபைபர் படகுக்காரர்களைக் கூப்பிடுங்கள், அவர்களைவிட வேகமாக யாரும் வரமாட்டார்கள். அதோடு 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 கடலோரக் காவல்படை, 108 ஆம்புலன்ஸ். மூன்றையும் இப்போதே போனில் சேர்த்துவிடுங்கள்.

முள்

கெளுத்தியைக் கையால் பிடிக்காதீர்கள், முதுகிலும் இரு பக்கமும் ரம்பம் மாதிரி முள். ஓரா மீனின் முள்ளும் திருக்கை வாலும் விஷம். குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள், வெந்நீர்தான் மருந்து. குத்தாத கையை முதலில் விட்டுப் பார்த்து, தாங்குகிற சூட்டில், சுமார் 45 டிகிரி, குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி குறையும். பக்கத்து டீக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். திருக்கை ஆழமாகக் குத்தியிருந்தாலும், தூண்டில் முள் விரலில் கொக்கிவரை இறங்கியிருந்தாலும் பிடுங்காமல் தூண்டில் நரம்பை மட்டும் வெட்டிவிட்டு நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கொட்டலசு கீறலை லேசாக நினைக்க வேண்டாம். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பேத்தை மாட்டினால், பலூன் மாதிரி உப்புமே அதுதான், கடலிலேயே விட்டுவிடுங்கள். சமைத்தாலும் அந்த விஷம் போகாது. அறுந்த நரம்பைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டு வராதீர்கள், அடுத்து வருகிறவர் காலில்தான் அது சுற்றும்.